பிடியரிசி மதலேனம்மாள்

சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிஷனில், சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் மற்றப் பெண்கள் வெந்நீர் போட வீட்டுக்கு ஓடுவார்கள். மதலேனம்மாள் ஓடமாட்டாள். கூடையை இறக்கிவைத்து, முகம் கழுவி, இருப்பதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, காடாத்துணிப் பையைத் தோளில் போட்டபடி, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி நடப்பாள். மழை, பனி, அட்டை எதுவும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. "அட்டைக்கு என் ரத்தம் பிடிக்காது, கசக்கும்" என்பாள். அது பொய். காலைப் பார்த்தால் தெரியும்.

வாசலில் நின்று "தோத்திரம்" என்று ஒரு குரல். அவ்வளவுதான். உள்ளே இருந்து ஒரு பெண் சின்னச் சட்டியோடு வருவாள். சட்டியில் அந்த வாரத்துப் பிடியரிசி இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியே போட்டு வைப்பது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலை பறிக்க வந்த சபைக்காரர்கள் ஞானப்பாட்டுப் புத்தகத்தோடு சேர்த்துக் கொண்டுவந்த பழக்கம். வாரக் கடைசியில் அந்த அரிசியெல்லாம் உபதேசியார் வீட்டுக்குப் போகும். போதகர் மூணாறிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் ஜீப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், பிரசங்கம், சாவு வீடு, சண்டை வீடு எல்லாம் உபதேசியார் யாக்கோபு பாடுதான். அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் சாப்பிட்டது இந்தப் பிடியரிசியைத்தான்.

பையை மதலேனம்மாளிடம் யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்தது. புருஷன் தவமணி விஷக்காய்ச்சலில் இறந்த மாதம், அவள் வீட்டில் உலை கொதித்தது சபை கொடுத்த பிடியரிசியால்தான். வேலைக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை அவள் சபைக் கோயிலுக்குப் போய், ஆணியில் தொங்கிய பையைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்போது அறுபத்து மூன்றாம் வருஷம். பிள்ளைகுட்டி கிடையாது. அதற்குப் பதிலாக முப்பத்துச் சொச்சம் வீட்டுச் சமையலும் அவளுக்கு அத்துபடியாக இருந்தது. எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை, எந்த வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு வாசலில் நின்றே தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்லமாட்டாள். அந்த டிவிஷனில் அது பெரிய விஷயம்.

இந்த நடைக்குக் குறுக்கே வந்தது ஒரு நல்ல மனசு. கெட்ட மனசு வந்திருந்தால் மதலேனம்மாளே சமாளித்திருப்பாள்.

நல்ல மனசின் பெயர் வில்மா. நியூசிலாந்துக்காரி, நர்ஸ், முப்பத்தைந்து வயதிருக்கும். எழுபதாம் வருஷம் சபையோடு சேர்ந்து ஊழியம் செய்ய வந்தவள். கோயிலுக்குப் பின்னாலிருந்த தகரக் கூரை அறை இரண்டில் ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று அவள் வீடு. தோட்டத்தில் எல்லாருக்கும் அவள் நர்சம்மா. தமிழை மொழிப் பள்ளியில் படித்துத் தேறியவள் என்பதால், பேசினால் அச்சடித்த புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கும். பக்கத்து லயத்து மாரித்தாய் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது, "தயவுசெய்து மூச்சை உள்ளிழுத்து மெதுவாக வெளிவிடுங்கள்" என்று வில்மா சொல்ல, மாரித்தாய் வலியை மறந்து சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் தன் மகன் பிறந்தான் என்று அவள் எல்லாரிடமும் சொல்லித் திரிவாள். கொட்டும் மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாலு மைல் நடந்து போய் மருந்து கொடுத்துவிட்டு வருகிற பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது? மதலேனம்மாளுக்கும் பிடித்திருந்தது. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

எழுபத்து நாலில் ரேஷனில் அரிசி குறைந்துபோனது. வீடுகளில் கிழங்கும் கோதுமையும் உள்ளே வந்தன. ஒரு சனிக்கிழமை வில்மா தன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மதலேனம்மாள் மழையில் நனைந்தபடி ஒரு வாசலில் நின்றிருந்தாள், பையைத் திறந்து பிடித்துக்கொண்டு. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து அரிசியைப் போட்டாள். மதலேனம்மாள் அடுத்த வாசலுக்குப் போனாள். வில்மாவுக்குப் பகீரென்றது. ஒரு விதவை, இந்தப் பஞ்ச நேரத்தில், சபைக்காக வீடு வீடாகக் கையேந்துகிறாள்! அன்றே தன் ஊர்ச் சபைக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு மாதத்தில் பதில் வந்துவிட்டது. உபதேசியார் குடும்பத்துக்கு ஆகிற செலவை அவர்கள் மாதாமாதம் அனுப்பிவைப்பார்கள்.

வில்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சந்தோஷமாக அறிவிக்க வேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றாள்.

"அன்பான சபையாரே, ஒரு நல்ல செய்தி. இனி என் ஊர்ச் சபை நம் உபதேசியாரின் குடும்பத்தைத் தாங்கும். ஆகவே நம் சகோதரி மதலேனம்மாள் இனிமேல் வீடு வீடாகப் பிச்சை எடுக்க வேண்டியதில்லை."

கோயிலுக்குள் ஒரு சத்தம் இல்லை. யாக்கோபு தரையைப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை அழ, அதன் தாய் வாயைப் பொத்தினாள். வில்மா அந்த அமைதியைப் பார்த்து, சபையார் நெகிழ்ந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்தாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வீடு வீடாகப் போய் அரிசி வாங்குவதற்கு என்ன பெயர் என்று மொழிப் பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையை எங்கே சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களும் சொல்லவில்லை. எல்லாரும் "தோத்திரம் நர்சம்மா" என்றுவிட்டுப் போனார்கள். மனசு நோகக்கூடாது என்று நினைத்து நாம் வாயை மூடிக்கொள்கிற இடத்தில்தான் பாதித் தப்பு வளர்கிறது.

மதலேனம்மாள் தலை நிமிராமல் வீட்டுக்கு வந்தாள். பதினொரு வருஷம் தான் நடந்ததற்குப் பெயர் அதுதானா? ஒரு பெண்ணாவது எழுந்து "இல்லை" என்று சொல்லவில்லையே. அப்படியானால் எல்லாருமே மனசுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்களோ? வாசலில் தன் தலை தெரிந்ததும் "வந்துட்டாடி" என்று சலித்துக்கொண்டார்களோ? மதியம் உலை வைத்தபோது, கை பழக்கத்தில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவிட்டது. எடுத்த பிடியோடு அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அதையும் உலையிலேயே போட்டாள். போட்டதும் அழுகை வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றாள். அந்த முழங்காலோடுதான் தினமும் மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தாள்.

ஐந்தாவது வாரம் யாக்கோபு வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து, துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அக்கா, கால் எப்படி இருக்கு?"

"காலுக்கு என்ன? நீங்க வந்த காரியத்தச் சொல்லுங்க. பிள்ளைக சாப்பிட்டாகளா?"

"சாப்பாட்டுக்குக் குறைவில்ல. கடையிலயே வாங்கிக்கிடுதோம்." துண்டை மறுபடி விரித்தார். "ஆனா யாரும் என்னைய ஏசமாட்டேங்காக, அக்கா."

மதலேனம்மாளுக்குப் புரியவில்லை.

"முன்னால ஒரு வீட்டுக்கு ரெண்டு வாரம் ஜெபம் பண்ணப் போகலன்னா, 'எங்க அரிசிய தின்னுட்டு எங்க வாசல் தெரியலையா'ன்னு சண்டைக்கு வருவாக. இப்ப போனாலும் சரி, போகாட்டாலும் சரி. 'வாங்க உபதேசியாரே, உக்காருங்க'ன்னு தோட்டத்து ஆபீசரைச் சொல்லுத மாதிரி சொல்லுதாக. நேத்து ஒருத்தர் வாய்விட்டே சொல்லிட்டாரு, 'இப்ப நீரு நர்சம்மா ஆளுல்லா'ன்னு." அவருடைய குரல் உடைந்தது. "எனக்கு வயிறு நிறையுது. சபைதான் இல்லாமப் போச்சு."

"அத நர்சம்மாகிட்ட சொல்லுங்க."

"எப்படிச் சொல்ல? அவுக எவ்வளவு ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்காக. நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மதலேனம்மாள். "பிச்சைக்காரி எதுக்கு வந்தான்னு கேப்பாக."

அது அநியாயமான பேச்சு என்று அவளுக்கே தெரியும். யாக்கோபு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

சொன்னது கடைசியில் மாரித்தாய். அவள் சபைக்காரி அல்ல. மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கிறவள். அதனால் சபை மரியாதைகள் எதுவும் அவள் வாயைக் கட்டவில்லை. ஏழாவது வாரம், வியாழக்கிழமை, மகனைத் தூக்கிக்கொண்டு இருமல் மருந்து வாங்க வந்தவள், மருந்துப் புட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நர்சம்மா, மதலேனக்காவ ஏன் பிச்சைக்காரின்னு சொன்னீக?"

வில்மா திடுக்கிட்டாள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை, மாரித்தாய்."

"கோயில்ல வச்சுச் சொன்னீகளாமே, இனிமே பிச்சை எடுக்க வேண்டாம்னு. அவுக ஏழு வாரமா பைய எடுக்கல. முழங்கால் வலியாம். நல்லாத்தான் வலிக்கும்."

"ஆனால் அவர் வீடு வீடாகச் சென்று அரிசி கேட்டாரே. நானே பார்த்தேன்."

"கேட்டாகளா? நீங்க காதால கேட்டீகளா?" மாரித்தாய் புட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பிச்சைக்காரிக்கு எவளாவது வாரம் பூரா ஒவ்வொரு பிடியா எடுத்து வச்சுக்கிட்டு, எப்ப வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாளா? உங்க சாமி வேற, எங்க சாமி வேற. ஆனா நானும் போடுதேன். எங்க அம்மன் பொங்கலுக்கு அவுக வெல்லம் குடுப்பாக. அதுக்குப் பேரு பிச்சையா?"

வில்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "எல்லா வீட்டுக்கும் போவாரா?"

"உலை கொதிக்கிற எல்லா வீட்டுக்கும்."

"என் வீட்டுக்கு வந்ததே இல்லையே."

"நீங்க விருந்தாளியில்லா. விருந்தாளிகிட்ட யாராவது கேப்பாகளா?" என்று சொல்லிவிட்டு மாரித்தாய் புட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாலு வருஷம். எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருப்பாள், எத்தனை சாவு வீட்டில் கூட உட்கார்ந்து அழுதிருப்பாள். அன்று முழுக்க வில்மாவுக்கு வேலை ஓடவில்லை. பிச்சை என்ற சொல்லுக்காக வெட்கப்பட்டாள். விருந்தாளி என்ற சொல்லுக்காக அழுதாள்.

சாயங்காலம் மதலேனம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். மதலேனம்மாள் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். அவசரமாக எழுந்து, முக்காலியைத் துடைத்து, "உக்காருங்க நர்சம்மா, காப்பி போடுதேன்" என்றாள்.

"வேண்டாம். முதலில் நான் பேச வேண்டும். நான் மிகத் தவறான ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன். அது தவறு என்று தெரியாமல் சொன்னேன். என்னை மன்னியுங்கள்."

மன்னிப்புக் கேட்டால் உடனே மனசு இளகிவிடும் என்பதெல்லாம் பிரசங்கத்தில் நடக்கும். மதலேனம்மாளுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏழு வாரமாக அடைத்துக் கிடந்தது.

"தெரியாமச் சொன்னது சரி. ஊரே கேட்டுச்சே. அத எப்படி நர்சம்மா திரும்ப எடுப்பீக? என் புருஷன் செத்தப்ப இந்த அரிசிதான் எனக்குச் சோறு. நான் அதச் சுமந்தது பிச்சையா? நாங்க இல்லாதவுகதான். இல்லாதவுக ஆண்டவருக்குக் குடுக்கக் கூடாதா? கப்பல்ல வந்தாத்தான் காணிக்கையா?"

வில்மா குறுக்கே பேசவில்லை. கண்ணைத் துடைக்கவுமில்லை. எல்லாம் கேட்ட பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கப்பலில் வருவதும் என்னுடையது அல்ல, மதலேனம்மாள். அது என் ஊராருடையது. நீங்கள் எல்லாரும் கொடுத்தீர்கள். இந்தச் சபையில் எதுவும் கொடுக்காதவள் நான் ஒருத்திதான். ஏன் என் வீட்டுக்கு வரவில்லை?"

இப்படி ஒரு கேள்வியை மதலேனம்மாள் எதிர்பார்க்கவில்லை. ஏன் போகவில்லை? துரைசானி வீட்டு வாசலில் பையோடு நிற்கக் கூசியதால் போகவில்லை. அப்படிப் பார்த்தால், மற்ற வீட்டில் கூசாத கை அங்கே மட்டும் ஏன் கூசியது? தானே இவளை வேற்றாளாகத்தான் வைத்திருந்தோம் என்று அப்போது அவளுக்குப் பட்டது. வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. எழுந்து போய்க் காப்பி போட்டாள். இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து குடித்தார்கள்.

போகும்போது வில்மா சொன்னாள், "ஊரிலிருந்து வருகிற உதவியை என்ன செய்வது என்று சபையே முடிவு செய்யட்டும். மருந்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். சொல்லலாமா?"

"சபை கூட்டத்துல சொல்லுங்க" என்றாள் மதலேனம்மாள். "முதல்ல உபதேசியார்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க."

சனிக்கிழமை அவள் பையை எடுத்தாள். முதல் வீட்டு வாசலில் நின்று சேலையைச் சரிசெய்தாள். "தோத்திரம்" என்றாள். குரல் பாதிதான் வந்தது. உள்ளேயிருந்து அழகுத்தாய் வந்தாள், கையில் சட்டி இல்லை; ஒரு மண்ணெண்ணெய் டின்னை நன்றாகக் கழுவி, அது நிறைய அரிசி வைத்திருந்தாள்.

"இது என்னடி?"

"ஏழு வாரத்து அரிசிக்கா. நீங்க வரல. ஆண்டவருக்குன்னு எடுத்தத திரும்ப நாங்க எப்படிப் பொங்கித் திங்க?"

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டிலும். ஒரு வீட்டில் அரிசியில் வண்டு விழுந்திருந்தது, புடைத்துக் கொடுத்தார்கள். மாரித்தாய் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தாள், மூடியில் குங்குமம் ஒட்டியிருந்தது. ரேஷனில் அரிசி இல்லாமல் கிழங்கு அவித்துத் தின்ற வாரங்களில்கூட, அரிசி பொங்கிய வேளையெல்லாம் அவர்கள் பிடியை எடுத்து வைத்திருந்தார்கள். உலைக்குள் திரும்பப் போட்டது ஒரே ஒருத்திதான். மதலேனம்மாள் ஒவ்வொரு வாசலிலும் வெட்கத்தில் செத்துப் பிழைத்தாள். எவ்வளவு பெரிய பாரத்தை நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்தோம், இவர்கள் யாரும் அதைச் சுமத்தவே இல்லையே என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது. பை நிறைந்துவிட, யாக்கோபு ஒரு சாக்கைக் கொண்டுவந்து பின்னாலேயே நடந்தார். "போன மாசம் எங்க வீட்டுப் பக்கமே காணோமே, செத்துட்டீரோன்னு நினைச்சோம்" என்று ஒரு வாசலில் அவருக்கு ஏச்சும் விழுந்தது. மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

கடைசியாகத் தகரக் கூரை வீடு. யாக்கோபைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மதலேனம்மாள் தனியாகப் போய் வாசலில் நின்றாள்.

"தோத்திரம்."

வில்மா வெளியே வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பா காலி.

"வியாழன் இரவிலிருந்து அரிசிதான் சமைத்தேன். ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்து வைத்தேன்" என்றாள் அவள். முகம் சிவந்து போயிருந்தது. "இன்று மதியம் கீழ் டிவிஷனிலிருந்து ஒரு தாய் வந்தாள், குழந்தைக்குப் பேதி. அவளும் சாப்பிட்டிருக்கவில்லை. வீட்டில் இருந்த அரிசியெல்லாம் கஞ்சியாகிவிட்டது. இதுவும்." டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். "என்னிடம் எதுவும் இல்லை, மதலேனம்மாள். அடுத்த வாரம் தருகிறேன்."

"ஏ தாயீ, வாசல்ல நின்னு இல்லைன்னு சொல்லுவாகளா?" மதலேனம்மாள் அதட்டிவிட்டாள். நர்சம்மா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. "கைய நீட்டு."

வில்மா புரியாமல் வலது கையை நீட்டினாள். மதலேனம்மாள் தன் முந்தியின் முடிச்சை அவிழ்த்தாள். அதில் இருந்தது அவள் வீட்டு அரிசி; மூன்று நாளாக எடுத்து வைத்தது. அதில் ஒரு பிடியை எடுத்து வில்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டாள்.

"இல்லாத வீட்டுல நான் இப்படித்தான் வாங்குவேன். எந்த வீடும் விட்டுப்போகக் கூடாது. இப்பப் போடு."

பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வில்மா அந்த ஒரு பிடி அரிசியைப் போட்டாள். பழகாத கை; பாதி வாசல்படியில் சிந்தியது. இரண்டு பேரும் குனிந்து, ஒரு மணிகூட விடாமல் பொறுக்கினார்கள்.